மருதாணிக்கும் ஓர் இஸ்னாது

அழகு, அலங்காரம் என்ற சொற்களைக் கேட்டதும் ஆலிம்கள் முகம் சுளிப்பார்கள் என்று எண்ணுவோர் உளர். அரபு மத்ரஸாவில் ஓதி, முப்பது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்து வரும் நாம் மருதாணியைப் பற்றியும் குளியல் பொடியைப் பற்றியும் எழுத முற்படுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். வியப்பதற்கு ஒன்றுமில்லை. அல்லாஹ் தன் அடியார்களுக்கென வெளிப்படுத்திய அலங்காரத்தைத் தடுத்தவர் யார் என்று திருக்குர்ஆனின் அல் அஃராஃப் அத்தியாயமே (7:32) வினவுகின்றது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தலைமுடியைப் பேணினார்கள், நறுமணத்தை விரும்பினார்கள், கண்ணுக்குச் சுருமா இட்டார்கள், நரைத்த முடிக்கு மருதாணிச் சாயம் இடுவதை ஆதரித்தார்கள். ஹதீது நூல்களில் இவற்றுக்கெனத் தனிப் பாடங்களே உள்ளன. நரை கண்ட நம் தாடிக்கும் இல்லாள் அரைத்துத் தரும் மருதாணியே இன்றளவும் நிறம் தருகின்றது.

எனவே அலங்காரம் கூடுமா, கூடாதா என்பது இக்கட்டுரையின் பொருளன்று. நம் இல்லத்துப் பெண்மக்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்த ஒரு கல்வி எவ்வாறு பாதியாகிவிட்டது என்பதும், இழந்த பாதியினால் என்ன தீங்கு விளைகின்றது என்பதுமே ஈண்டு நாம் சொல்ல விழைவது.

வடசென்னையின் விளிம்பில், கிழக்கே வங்கக்கடலும் மேற்கே பக்கிங்ஹாம் கால்வாயும் வடக்கே எண்ணூர்க் கழிமுகமும் சூழ அமைந்தது எங்கள் ஊராகிய காத்திவாக்கம். 2011இல் சென்னை மாநகராட்சியோடு இணைக்கப்படும் வரை அது தனி நகராட்சியாக விளங்கியது. கடற்காற்றில் உப்பு, நிலத்தடி நீரிலும் உப்பு. போதாக்குறைக்கு ஆலைப் புகையும் நிலக்கரித் தூசியும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது, மீனவர் தம் கைகளாலேயே அதனை அள்ளிய காட்சியை நாடே கண்டது. இத்தகைய ஊரில் மேனியைப் பேணுவது செல்வச் செருக்கன்று. நாள் முழுதும் உழைத்த உடலுக்குச் செய்யும் கடன் அது. உம் உடலுக்கும் உம்மீது உரிமை உண்டு என்னும் நபிமொழியின் கருத்தை எங்கள் ஊர்த் தாய்மார்கள் ஏட்டில் படித்து அறிந்தார்களோ இல்லையோ, செயலில் அறிந்திருந்தார்கள்.

எம் அன்னையாரைப் பெற்ற பாட்டியார் பழவேற்காட்டில் பிறந்தவர். உம்மம்மா என்றே நாங்கள் அழைப்போம். பனையோலையில் பெட்டி முடைவது அவ்வூர் முஸ்லிம் பெண்களின் கைத்தொழில். அப்படித் தாமே முடைந்த மூடியிட்ட ஓலைப் பெட்டி ஒன்று அவரிடம் இருந்தது. அதனுள் குளியல் பொடி, சீயக்காய்ப் பொடி, உலர்ந்த ரோஜா இதழ், ஒரு சிறு குறிப்பேடு. அக்குறிப்பேடு அறபுத்தமிழில் எழுதப்பட்டது. அரபு எழுத்தில் தமிழ் மொழியை எழுதும் அம்முறை, பள்ளிக்கூடத்தின் படியேறாத எத்தனையோ முஸ்லிம் பெண்களுக்கு எழுத்தறிவு தந்தது. மார்க்கச் சட்டங்களையும் மாலைகளையும் கிஸ்ஸாக்களையும் அவர்கள் அதன் வழியே படித்தார்கள். உம்மம்மா அதே எழுத்தில் தம் பக்குவங்களையும் குறித்து வைத்தார்.

அப்பக்குவங்களின் பொருள்களை வாங்கச் சிறுவராகிய எம்மையே அனுப்புவர். காத்திவாக்கத்தில் ரயிலேறிக் கடற்கரை நிலையத்தில் இறங்கி, மண்ணடி வரை நடந்து, நாட்டுமருந்துக் கடையில் சொல்லி நிறுத்து வாங்க வேண்டும். பச்சைப்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, கார்போக அரிசி, வெட்டிவேர், ஆவாரம்பூ என்று பட்டியல் நீளும். பயறு எண்ணெய்ப் பசையை எடுக்கும். கிழங்கும் வேரும் மணம் தரும். ஆவாரம்பூ வெயிலில் வாடிய மேனிக்கு இதமளிக்கும் என்பர். ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு. வேலையில்லாத பொருளை உம்மம்மா சேர்க்கமாட்டார். சீயக்காயைச் சோறு வடித்த கஞ்சியில் குழைப்பார். உப்பு நீரில் குளித்து விறைத்த கூந்தல் அதனால் மென்மையுறும் என்பது அவர் கண்டறிந்தது. வீணாகும் கஞ்சிக்கும் ஒரு பயன் கிடைத்தது.

கலை என்பது ஓவியர் கூடத்திலும் அச்சேறிய ஏட்டிலும் மட்டுமே உள்ளதென்று எண்ணுகின்றோம். பெருநாள் இரவில் எம் வீட்டுத் திண்ணையைக் கண்டோர் அவ்வாறு எண்ணமாட்டார்கள். கொல்லையில், கிணற்றடியில் நின்ற மருதாணிச் செடியின் இலைகளை எம் அன்னையார் உருவி வருவார். ஆலைச் சாம்பல் படிந்த இலைகளாதலின் மும்முறை கழுவுவார். "சாம்பலைச் சேர்த்து அரைத்தால் கை சிவக்காது, அம்மிதான் கறுக்கும்" என்பார். புளியோ எலுமிச்சைச் சாறோ, ஒரு கொட்டைப்பாக்கோ சேர்த்து வெண்ணெய்போல் அரைத்தெடுப்பார். பிறகு தெருப்பெண்கள் கூடுவார்கள். விரல் நுனிகளுக்குத் தொப்பி, உள்ளங்கை நடுவே ஒரு நிலா, சுற்றிலும் விண்மீன்கள். கைதேர்ந்த எம் மூத்த லாத்தா தென்னை ஈர்க்கின் நுனியால் கொடியும் இலையும் இழுப்பார். ஒருத்திக்கு இட்ட கோலத்தை இன்னொருத்திக்கு இடமாட்டார். மறுநாள் காலையில் கைகளை நீட்டி நிற்கும் பிள்ளைகளின் முகத்தில் காணும் மகிழ்ச்சியே அவருக்குக் கூலி.

மலபார் மாப்பிள்ளைமார் இல்லங்களில் பலாப்பிசினைச் சூடாக்கி உள்ளங்கையில் புள்ளிகளாக இட்டு, அதன்மீது மருதாணி பூசுவார்கள். பிசினைப் பெயர்த்ததும் சிவந்த கையில் வெள்ளைப் பூக்கள் மலர்ந்திருக்கும். ஊருக்கு ஊர் இத்தகைய நுட்பங்கள் உண்டு. கையெழுத்திடாத கலைஞர்கள் அவற்றைப் படைத்தார்கள்.

உம்மம்மாவின் குறிப்பேட்டுக்கு மீள்வோம். அவர் மறைந்தபின் அது எம் கைக்கு வந்தது. ஹதீதுக் கலையை ஓதியவர் என்ற முறையில் அதனைப் படித்த நமக்கு ஒன்று புலப்பட்டது. ஒவ்வொரு பக்குவத்தின் தலைப்பிலும் அதனை யாரிடமிருந்து கற்றார் என்று எழுதியிருந்தார்: "பெரியம்மா சொன்னது", "மருத்துவச்சி சொன்னது". ஒவ்வொன்றின் இறுதியிலும் எப்போது ஆகாது என்று எழுதியிருந்தார். கார்போக அரிசி சேர்ந்த பொடிக்குக் கீழே, "வெயிலுக்குப் போகும் நாளில் தேய்க்கக் கூடாது" என்றிருந்தது. மருதாணிக்குக் கீழே, "கைக்குழந்தைக்கு வேண்டாம்" என்றிருந்தது.

ஹதீதில் சொல்லப்படும் செய்திக்கு மத்னு என்று பெயர். அது யார் யார் வழியாக நம்மை வந்தடைந்தது என்ற தொடருக்கு இஸ்னாது என்று பெயர். தொடர் அறுந்தால், அல்லது தொடரில் வருபவர் இன்னார் என்று அறியப்படாத மஜ்ஹூலாக இருந்தால், செய்தி எத்துணை இனிமையாயினும் அறிஞர்கள் தயங்குவார்கள். எம் பாட்டியார் இஸ்னாது என்ற சொல்லை அறிந்திருக்கமாட்டார். எனினும் அதன் ஒழுங்கைத் தம் ஓலைப் பெட்டிக்குள் காத்து வைத்திருந்தார். அவருக்குப் பின் பக்குவம் மட்டும் கைமாறியது, எச்சரிக்கை கைமாறவில்லை. நாம் பாதி என்று முன்னர்க் குறிப்பிட்டது இதனையே.

இதன் விளைவை நம் கண்ணாலேயே கண்டோம். சில ஆண்டுகளுக்கு முன் ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து பத்து நாள் இருக்கும். எம்மிடம் ஓதும் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி, கையைத் துப்பட்டாவுக்குள் மறைத்தபடி அமர்ந்திருந்தாள். ஏடு புரட்டக் கை நீட்டியபோது கண்டோம். புறங்கையில் கொடியும் பூவுமாக இட்ட கோலத்தின் கோடுகள் அப்படியே கொப்புளங்களாக எழுந்திருந்தன. அவள் தாயாரை அழைத்து வினவினோம்.

"மருதாணிதானே ஹஜ்ரத்! இயற்கையானதுதானே! கடையில் கறுப்புக் கோன் வாங்கி இட்டோம். ஒரு மணி நேரத்தில் கன்னங்கரேல் என்று பிடித்தது" என்றார் அவர்.

"கோனின் மேல் என்ன எழுதியிருந்தது, தாயே?"

"ஒன்றும் எழுதவில்லை. பூப்படம்தான் போட்டிருந்தது."

மஜ்ஹூல்! தோல் மருத்துவரிடம் அனுப்பினோம். புண் ஆறியது. கோலத்தின் தழும்பு நெடுநாள் இருந்தது.

வாசகர்கள் இதனை நன்கு அறிந்துகொள்ள வேண்டும். மருதாணி இலையில் லாசோன் என்ற சாயப்பொருள் உள்ளது. புளிப்பு அதனை வெளிக்கொணர்கின்றது. அது தோலின் மேலடுக்கிலுள்ள கெரட்டின் என்னும் புரதத்தோடு பிணைந்து முதலில் செம்மஞ்சளாகவும், ஓரிரு நாளில் முதிர்ந்த செந்நிறமாகவும் மாறுகின்றது. மருதாணி ஒருபோதும் ஒரு மணி நேரத்தில் கருமையாகாது. அவ்வாறு கறுக்கும் கோன்களில் பெரும்பாலும் பி.பி.டி. எனப்படும் பாரா-பினிலீன்-டைஅமின் என்ற இரசாயனம் கலந்திருக்கும். தலைமுடிச் சாயங்களில் அளவோடு சேர்க்கப்படும் பொருள் அது, தோலில் பூசுவதற்குரியதன்று. ஒருமுறை அதனால் ஒவ்வாமை உண்டாகிவிட்டால் பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் தொடரும். பிற்காலத்தில் முடிச்சாயம் பூசினாலும் முகமே வீங்கக்கூடும். பத்து வயதில் ஒரு பெருநாள் மகிழ்ச்சிக்காக இத்தனை விலை கொடுக்கலாமா?

இதனினும் வருந்தத்தக்கது ஒன்றுண்டு. பெண்ணுக்கு வரன் அமைய துஆச் செய்யுமாறு எம்மை நாடி வரும் பெற்றோர் பலர். அவர்களுள் ஒருவர், "பிள்ளை கொஞ்சம் நிறம் கம்மி ஹஜ்ரத், அதுதான் தட்டிப் போகிறது. இப்போது யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த கிரீம் பூசுகிறாள், முகம் தெளிந்து வருகிறது" என்றார். டப்பாவைக் கொண்டுவரச் செய்து பார்த்தோம். செய்தவர் பெயரில்லை, சேர்மானம் இல்லை, உரிம எண் இல்லை.

அவருக்கு நாம் மலப்புறத்துச் செய்தியைக் கூறினோம். கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் கோட்டக்கல் மருத்துவர்கள், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை, சிறுநீரில் புரதம் வெளியேறும் ஒருவகைச் சிறுநீரக நோயால் தம்மிடம் வந்த 22 பேரை ஆராய்ந்தார்கள். அவர்களுள் 15 பேருக்கு இருந்தது அந்நோயின் அரிய வகை. அந்தப் பதினைவருள் 13 பேர் முகத்தை வெளுப்பிக்கும் கிரீம் பூசி வந்தவர்கள். கிரீம்களில் பாதரசம் இருந்தது. பெரும்பாலோருக்கு அதனை நிறுத்தியபின் நோய் தணிந்தது. தோலுக்கு நிறம் தரும் மெலனின் உருவாவதைப் பாதரசம் தடுக்கின்றது. முகம் வெளுப்பது அதனால்தான். தோல் வழியே உடலுக்குள் புகுந்து சிறுநீரகத்தைக் கெடுப்பதும் அதே பாதரசம்தான். 2013இல் நிறைவேறிய மினமாட்டா உடன்படிக்கை, பாதரசம் சேர்த்த அழகுப் பொருள்களை ஒழிக்க வேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்திருக்கின்றது. ஆயினும் பெயரற்ற டப்பாக்கள் கைமாறிக்கொண்டே இருக்கின்றன.

மொழிகளின் வேற்றுமையும் நிறங்களின் வேற்றுமையும் தன் அத்தாட்சிகள் என்று இறைவன் (30:22) அறிவிக்கின்றான். பிலால் (ரலி) அவர்களின் வரலாற்றைப் பிள்ளைகளுக்குக் கண்ணீர் மல்கச் சொல்லிக் கொடுக்கும் நாமே, மணப்பெண் தேடும்போது நிறத்தைக் கேட்கின்றோம். அக்கேள்வியே அந்த டப்பாவை அப்பெண்ணின் கையில் வைக்கின்றது. இதனை அத்தந்தையாரிடம் சொன்னபோது அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு டப்பாவை எம்மிடமே விட்டுச் சென்றார். அடுத்த வாரம் தம் மகளைச் சிறுநீர்ப் பரிசோதனைக்கு அழைத்துச் சென்றதாகச் சொல்லியனுப்பினார். பரிசோதனையில் குறையில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

இவ்வாறாயின் கடைப்பொருளை விலக்கி வீட்டுப் பக்குவத்துக்கு மீண்டால் போதுமே என்று வாசகர் எண்ணக்கூடும். அதுவும் முழு உண்மையன்று. வீட்டில் செய்தது என்பதாலேயே ஒன்று தீங்கற்றதாகிவிடாது.

எலுமிச்சைச் சாற்றை முகத்தில் தேய்த்துக்கொண்டு வெயிலில் சென்றால், சாற்றிலுள்ள சில பொருள்கள் சூரிய ஒளியோடு சேர்ந்து தோலைச் சுட்டுவிடும். கொப்புளம் எழுந்து கருந்திட்டு நிலைக்கும். கார்போக அரிசியிலும் அதே இனப் பொருளாகிய சொராலென் உண்டு. வெண்படலத்துக்கு அது மருந்தானதும், வெயிலில் அது தீயானதும் ஒரே காரணத்தால். உம்மம்மா வேதியியல் கற்றவரல்லர். எனினும் அவர் எழுதிய எச்சரிக்கையை இன்றைய தோல் மருத்துவரும் ஒப்புக்கொள்வார். கைக்குழந்தைக்கு மருதாணி வேண்டாம் என்றதற்கும் காரணம் உண்டு. சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே இரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் நொதியொன்று குறைவாக இருக்கும். அவர்கள் உடம்பில் மருதாணி பூசினால் சிவப்பணுக்கள் சிதைந்து கடும் மஞ்சள் காமாலை வரக்கூடும். மருத்துவ ஏடுகளில் இது பதிவாகியுள்ளது.

சுருமாவும் அவ்வாறே. ஹதீதுகளில் சிறப்பிக்கப்பட்டது இஸ்மித் என்னும் கல். இன்று அப்பெயரால் விற்கப்படும் பொடிகளுள் பல காரீய சல்பைடு என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. கண்ணிலிட்டது கைவழியே குழந்தையின் வாய்க்குள் போகும்; காரீயம் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். சுன்னத்தைப் பின்பற்றும் எண்ணம் நல்லது. பெயரளவில் சுருமாவாக இருப்பதைக் குழந்தையின் கண்ணில் இடுவதற்கு அவ்வெண்ணம் சான்றாகாது.

நம் முன்னோர் இத்துறையைப் பெண்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கவில்லை. ஒன்பதாம் நூற்றாண்டில் அல்கிந்தீ நறுமணப் பொருள்களின் தயாரிப்புக்கெனவே ஒரு நூல் எழுதி, நூற்றுக்கும் மேற்பட்ட செய்முறைகளை அதில் தொகுத்தார். அறுவை மருத்துவத்தின் முன்னோடியாகப் போற்றப்படும் குர்துபாவின் அபுல்காசிம் ஸஹ்ராவீ (மறைவு 1013), தம் 'அத்தஸ்ரீஃப்' என்னும் முப்பது பகுதிப் பெருநூலில் ஒரு பகுதியை அழகுப் பொருள்களுக்கும் நறுமணங்களுக்கும் ஒதுக்கினார். அறுவைக் கத்தியைப் பற்றி எழுதிய கையே கூந்தல் எண்ணெயைப் பற்றியும் எழுதியது. அழகுப் பக்குவம் மருத்துவத்தின் ஒரு கிளை. ஆதலின் மருத்துவத்துக்குரிய அளவும் கட்டுப்பாடும் அதற்கும் உண்டு.

ஆகவே நம் சகோதரிகளிடம் நாம் வேண்டுவது இது: மேனியில் பூசுமுன் மூன்று வினாக்களைக் கேளுங்கள். இதனைத் தந்தவர் யார்? இதில் சேர்ந்தவை யாவை? இது யாருக்கு, எப்போது ஆகாது? கடைப்பொருளாயின் செய்தவர் பெயரும் சேர்மானமும் உரிம எண்ணும் டப்பாவில் இருக்க வேண்டும். வீட்டுப் பக்குவமாயின் அதனைச் செய்து பழகிய ஒருவரின் வாய்ச்சொல் வேண்டும். புதிதாக எதையும் முதலில் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி இரண்டு நாள் பார்க்க வேண்டும். தோல் சிவந்தாலோ அரித்தாலோ விட்டுவிட வேண்டும்.

எங்கள் தெருவில் இப்போது ஒரு நல்ல வழக்கம் தொடங்கியிருக்கின்றது. கொப்புளம் கண்ட சிறுமியின் தாயாரே அதற்குக் காரணர். பெருநாளுக்கு முந்தைய நாள் சிலர் கூடி இலை பறித்து, கழுவி, அம்மியில்லாத வீடுகளில் மின்னரைப்பானில் அரைத்து, நெகிழித் தாளைக் கூம்பாகச் சுருட்டித் தாமே கோன் செய்கின்றார்கள். அந்தச் சிறுமி இப்போது பெரியவளாகி, பிள்ளைகளுக்குக் கோலமிடுகின்றாள். லாத்தாவின் ஈர்க்குக் கோலங்களை முதியவர்களிடம் கேட்டு ஒரு நோட்டில் வரைந்து வருகின்றாள். எம் பாட்டியாரின் குறிப்பேட்டை அறபுத்தமிழிலிருந்து தமிழெழுத்துக்கு மாற்றி அவளிடம் கொடுத்துள்ளோம். இறுதி வரிகளை ஒன்றுவிடாமல் எழுதியிருக்கின்றோம்.

இன்னொன்றும் நினைவூட்டி முடிப்போம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அருமை மகளார் மறைந்தபோது, இலந்தை இலை கலந்த நீரால் நீராட்டி, இறுதியில் கற்பூரம் சேர்க்குமாறு உம்மு அதிய்யா (ரலி) முதலான பெண்களிடம் அவர்கள் கூறியதை ஹதீது நூல்கள் அறிவிக்கின்றன. அந்த இலையை இன்றும் யாரோ ஒரு பெண்தான் பறித்து வருகின்றார். யாரோ ஒரு பெண்தான் நீரைப் பதமாக்குகின்றார். எம் அன்னையாரை அவ்வாறு நீராட்டியவர்கள், பெருநாள் இரவுகளில் அவர் அரைத்த மருதாணியைக் கையில் ஏந்திய தெருப்பெண்களே. அவர்களுள் பலர் இன்று முதியவர்கள். அவர்கள் அறிந்ததை அவர்கள் உள்ளபோதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எப்போது ஆகாது என்பதையும் சேர்த்தே எழுதிக்கொள்ளுங்கள்.